கடலடியில் வளரும் கல்



நமது கடற்கரை ஊர்களில் பழைய வீட்டுச் சுவர் எங்கேனும் இடிந்து கிடந்தால், அதன் கல்லைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். சிலவற்றில் தேன்கூடு போலச் சிறு சிறு கண்கள் நிறைந்திருக்கும். அது மலையில் வெட்டிய கல் அல்ல, கடலிலே பெயர்த்தெடுத்த பவளக்கல்.

பவளப்பூச்சி என்பது மிகச் சிறிய பிராணி. கடல் நீரிலுள்ள சுண்ணாம்பைக் கிரகித்து, தன்னைச் சுற்றிக் கிண்ணம் போல ஒரு கூடு கட்டி, அதற்குள்ளே குடியிருக்கும். அதன் உடம்புக்குள் கண்ணுக்குப் புலப்படாத ஒருவகைப் பாசி வாழ்கிறது. பாசி சூரிய வெளிச்சத்தைக் கொண்டு உணவு உண்டாக்கிப் பூச்சிக்கும் கொடுக்கிறது. பூச்சி அதற்கு இடமும் உரமும் தருகிறது. ஆகையால்தான் வெயில் எட்டும் தெளிந்த கடலில் இக்கல் செழிக்கிறது. உருண்டைப் பவளம் வருஷத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பாட்டனார் பிறந்த வருஷத்தில் முளைத்தது, பேரன் காலத்திலும் இடுப்பளவு வந்திராது.

தூத்துக்குடிக்கும் பாம்பனுக்கும் இடையே மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் வரிசையாக அமைந்தவை. அவற்றைச் சுற்றியுள்ள பார்களில் 117 வகைக் கற்பவளங்களை ஆராய்ச்சியாளர் கணக்கிட்டிருக்கிறார்கள். சிங்கி இறாலுக்கும் கலவாய்க்கும் அதுவே வீடு. கிளிமீன் கல்லைக் கொறித்து மணலாகக் கழிக்கும். இத்தகைய தீவுகளின் வெண்மணலில் அதற்கும் பங்குண்டு. பெரிய அலை வரும்போது முதல் அடியைத் தாங்குவதும் இந்தப் பாரே.

சென்ற நூற்றாண்டில் பல வருஷங்களாக இக்கல்லைக் கடப்பாரையால் பெயர்த்து வள்ளங்களில் ஏற்றினார்கள். காளவாய்க்குச் சென்றது ஒரு பங்கு, கட்டட வேலைக்கு ஒரு பங்கு, கால்சியம் கார்பைடு செய்யும் ஆலைகளுக்கு ஒரு பங்கு. கல் எடுத்தவர்கள் அன்றாடக் கூலிக்கு மூச்சடக்கி முங்கிய ஏழைகள். அவர்களை மட்டும் குற்றஞ்சாட்டுவது நியாயமல்ல. திருநாளுக்கு வீட்டுக்கும் கோவிலுக்கும் வெள்ளையடித்தோமே, அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்ததென்று விசாரித்தவர் எத்தனை பேர்?

1986-ஆம் வருஷம் அரசாங்கம் இத்தீவுகளைக் கடல் தேசியப் பூங்காவாக அறிவித்தது. 2001-இல் பவளம், புலிக்கும் யானைக்கும் உரிய அதே உயர்ந்த சட்டப் பாதுகாப்பைப் பெற்றது. அதன் பின்னரே கல் வெட்டுதல் ஓய்ந்தது. ஆனால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் இருக்கின்றன. கல்லை எடுத்த இடத்தில் அலையைத் தடுப்பார் இல்லை, மணல் கரைந்தது. பிள்ளைகள் தேசப்படத்தில் 21 பெயர்களை எழுதலாம். படகில் போனால் 19-இல்தான் கால் வைக்க முடியும்.

இப்போது வந்திருப்பது வேறொரு துன்பம். கடல் நீர் வாரக்கணக்கில் 30 டிகிரிக்கு மேல் காய்ந்தால், பூச்சி தன் பாசியை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய்ப் பார் முழுவதும் எலும்பு போல வெளுக்கும். சீக்கிரம் குளிர்ந்தால் பாசி திரும்பும், பூச்சி பிழைக்கும்; இல்லாவிடில் பட்டினியால் மடியும். 1998, 2010, 2016 ஆகிய வருஷங்களில் நமது வளைகுடாவில் இவ்வாறு நேர்ந்தது. நிலக்கரியும் எண்ணெயும் எரித்து உலகமெல்லாம் எழுப்பும் புகையே கடலைச் சூடாக்குகிறது. இதை நமது ஊர் தனியாக நிறுத்த இயலாது. ஆனால் நங்கூரத்தைப் பாரின்மேல் போடாமல் மணலில் இறக்குவதும், கிழிந்த வலையைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவருவதும் நம் கையிலே இருக்கின்றன. படகுள்ள குடும்பத்தார் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள்.

தூத்துக்குடிக்கு எதிரேயுள்ள வான் தீவும் கரைந்து சிறுத்துப்போயிற்று. அதைக் காக்கும்பொருட்டு 2015-ஆம் வருஷம் முதல், துளைகள் விட்ட சிமெண்டுக் கட்டைகளைக் கடலுக்குள் வரிசையாக இறக்கியிருக்கிறார்கள். அலையின் வேகம் அங்கே தணிந்திருக்கிறது. கட்டைகளைச் சுற்றி மீன்கள் கூடுகின்றன. அவற்றின்மேல் இளம் பவளங்களும் ஒட்டி வளரத் தொடங்கியிருக்கின்றன.