கணிப்பொறிக்கும் ஸ்டெப்னி வேண்டும்



இன்று கணிப்பொறி நுழையாத துறையே இல்லை எனலாம். நமது டிராயிங் ஹாலில்கூட டீ-ஸ்கொயருக்குப் பக்கத்தில் ஆட்டோகேட் வந்து உட்கார்ந்து விட்டது. ரயில் டிக்கெட், வங்கிக் கணக்கு, கரண்ட் பில் எல்லாமே திரையில்தான். இப்படிப்பட்ட சாதனம் வீட்டில் திடீரென்று படுத்துவிட்டால் என்ன செய்வது? அது பற்றி நான் படித்ததையும் பட்டதையும் உங்களோடு பகிர்ந்து கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

உள்ளே நடப்பது என்ன?

1956-ல் ஐ.பி.எம். நிறுவனம் முதல் ஹார்டு டிஸ்க்கை வெளியிட்டது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள் மட்டுமே! இன்றைய மேசைக் கணிப்பொறியின் ஹார்டு டிஸ்க் கையில் அடங்கிவிடும். அதன் தட்டு பொதுவாக நிமிடத்திற்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120 சுற்று சுற்றுகிறது. படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கிறது. அது தட்டில் உரசினால் மேலிருக்கும் காந்தப்பூச்சு சுரண்டப்படும். பூச்சு போனால் அதில் இருந்த தகவலும் போச்சு.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே இல்லை. ஆனால் அதன் செல்களில் இத்தனை முறைதான் அழித்து எழுதலாம் என்று ஒரு வரம்பு உண்டு. கெட்டுப்போகும்போது அது சத்தம் போட்டு எச்சரிக்கவும் செய்யாது.

முதலுதவி

1. விளக்கும் எரியவில்லை, ஃபேனும் சுற்றவில்லையா? பிளக், யு.பி.எஸ்., எஸ்.எம்.பி.எஸ். என்று வரிசையாகப் பாருங்கள். கோளாறு மின்சாரத்தில் இருந்தால் தகவல் பெரும்பாலும் பத்திரமாக இருக்கும்.

2. ஃபேன் சுற்றுகிறது, படம் வரவில்லையா? மானிட்டர் கேபிளைப் பாருங்கள். பிறகு பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரேமைக் கழற்றி, அதன் முனைகளை ரப்பரால் துடைத்து மாட்டுங்கள்.

3. படம் வருகிறது, விண்டோஸ் வரவில்லையா? உடனே ஃபார்மட் என்று பாயக் கூடாது. லினக்ஸ் உள்ள பென் டிரைவில் பூட் செய்து, முதலில் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். ஃபார்மட் கடைசி மருந்து.

4. 'கிளிக், கிளிக்' சத்தம் வருகிறதா? உடனே நிறுத்துங்கள். "இன்னொரு தடவை போட்டுப் பார்ப்போமே" என்பதுதான் ஆபத்து. ஒவ்வொரு தடவையும் உரசல் கூடும்.

எங்கள் வீட்டு அனுபவம்

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் கேட்டது நான்காவது சத்தம். உடனே நிறுத்தினோம். பழுதுபார்ப்பவர் பார்த்துவிட்டு, "ஹெட் போயிருச்சு தம்பி. லேபுக்கு அனுப்பினா புது சிஸ்டம் வாங்குறதவிட அதிகமாகும்" என்றார். எங்களால் அது முடியவில்லை.

அம்மா மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கைப் பார்ப்பவர். பதினைந்து பேரின் சேமிப்பும் கடனும் அந்தக் கணிப்பொறியில் இருந்தன. மறுநாள் குழுக் கூட்டம். நான் பதறினேன். அம்மா பீரோவைத் திறந்து நீள நோட்டை எடுத்து வைத்தார். "மெஷின் வந்துச்சுன்னு பேனாவத் தூக்கிப் போட்டுட முடியுமா? ஊரார் காசுடா!" என்றார். ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு நேரானது.

என் புராஜெக்ட் ரிப்போர்ட், குழு நண்பனுக்கு மெயிலில் அனுப்பியிருந்ததால் பிழைத்தது. ஆனால் தாத்தா பழைய கதை சொன்ன வீடியோ அந்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. தாத்தா இப்போது இல்லை. புது டிஸ்க் வாங்கிவிட்டோம். அந்தக் குரலை எங்கே வாங்குவது?

பெரிய இடங்களிலும் இதே கதை

2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான அப்டேட் ஒன்றால், மைக்ரோசாஃப்ட் மதிப்பீட்டின்படி, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத்திரையோடு நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். எழுதத் தெரிந்த கை இருந்ததால் பயணம் நடந்தது.

1998-ல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' படத்தின் ஃபைல்கள் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கின. பேக்கப்பைத் தேடினால், அது சரியாக வேலை செய்திருக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை பார்த்த கேலின் சஸ்மன் என்பவரின் வீட்டுக் கணிப்பொறியில் இருந்த பிரதிதான் படத்தைக் காப்பாற்றியது.

நாம் செய்ய வேண்டியது

தொழில்நுட்பத்தை நம்புவது தவறு என்று சொல்ல மாட்டேன். பஞ்சராகும் என்பதற்காக யாரும் பஸ்ஸில் ஏறாமல் இருப்பதில்லை, ஸ்டெப்னி வைத்துக்கொள்கிறோம். கணிப்பொறிக்கும் அதுவே வழி. 3-2-1 என்று ஒரு விதி உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு இடத்தில். மாதம் ஒருமுறை பிரதியைத் திறந்தும் பாருங்கள். காற்றில்லாத ஸ்டெப்னி இருந்தென்ன, இல்லாமல் என்ன?

கூடவே நாலு போன் நம்பரை மனப்பாடமாக வைத்திருங்கள். ஒரு சர்க்யூட்டைக் கையால் வரையப் பழகுங்கள். நாளை நாம் டெக்னீஷியன்கள். மெஷின் நின்றுவிட்டால் எல்லோரும் நம் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அப்போது நாமும் சேர்ந்து நின்றுவிடக் கூடாது அல்லவா?

இந்த மலரைப் படித்து முடித்ததும் ஒரு பென் டிரைவைத் தேடி எடுங்கள் நண்பர்களே!