படச்சுருள் தெரிதல்

வீட்டுப் பெட்டியிற் கிடந்த பழைய கமராவை மீண்டும் கையிலெடுக்கும் மாணவர் இன்று பலர். எந்தப் பிலிம் மலிவு என்பதே அவர்தம் முதல் வினா. விலை குறைந்ததெல்லாம் மலிவன்று. எடுத்த 36 படங்களும் தேறுவதே மலிவு.

ஒருமுறை காலங்கடந்த சுருளொன்றை அற்ப விலைக்கு வாங்கி, எசலப் பெரஹராவைப் படமெடுத்தேன். கழுவியபோது மூட்டமே எஞ்சியது. அன்று தீப்பந்த ஒளியில் என்னருகே நின்ற பாட்டனார் அடுத்த பெரஹராவைக் காணவில்லை. அவர் படமும் எம்மிடம் இல்லை.

ஆதலின், முதலிற் கறுப்பு வெள்ளையே கொள்க. செக் நாட்டுப் போமாபான், இங்கிலாந்தின் கென்ற்மியர் என்பன விலை குறைந்தவை. இன்றும் புதிதாய்ச் செய்யப்படுபவை. நிறப்பிலிமுக்கு 38 பாகை வெந்நீர் வேண்டும். இவற்றையோ 20 பாகையில் வீட்டிலேயே கழுவலாம்.

அடுத்தது வேகம். கண்டி வாவிக்கரையின் நண்பகல் வெயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 100 போதும், பேராதனைப் பூந்தோட்டத்து மரநிழலுக்கு 400 தகும். தீப்பந்த ஒளிக்கோ 400ஐ 1600 எனக் கொண்டெடுத்து, கழுவும் நேரத்தை அதற்கேற்ப நீட்டுதல் வேண்டும்.

மூன்றாவது காப்பு. வெப்பமும் ஈரமும் பிலிமின் பகை. இறுக மூடிய டப்பாவிலிட்டுக் குளிர்ப்பெட்டியில் வைக்க. வெளியே எடுத்து இரண்டு மணிநேரம் கழிந்தபின்னரே திறக்க. உடன் திறப்பின் நீர் படியும்.

ஒரே வகையை ஓராண்டு பயின்று அதன் இயல்பை அறிக. மீளா நாளொன்றின் முன், அதே வகைச் சுருளொன்றைச் சோதித்துப் பார்க்க. அச்சிறு செலவே பெருஞ்சேமிப்பு.