செங்கல்பட்டுத் தடுப்பூசி ஆய்வு

புள்ளலூர் முதலிய இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்து ஊர்கள் முன்னர்ச் செங்கல்பட்டு மாவட்டத்தில் அடங்கியிருந்தன. அம்மாவட்டத்தில்தான் பி.சி.ஜி. தடுப்பூசி காசநோயைத் தடுக்குமா என்றறியும் பேராய்வு 1968இல் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலக சுகாதார நிறுவனத்தின் துணையுடன் அதனை நடத்தியது. ஏறத்தாழ 2,60,000 மக்கள் ஊசிக்குக் கை நீட்டினர். சிலருக்குத் தடுப்பூசி, சிலருக்கு மருந்தற்ற ஊசி. யாருக்கு எது என்பதைப் பெற்றவரும் அறியார், நோயை மதிப்பிட்டவரும் அறியார்.

பிரிட்டனில் முன்னர் நடந்த ஆய்வு நற்பயன் காட்டியிருந்தமையால் இங்கும் எதிர்பார்ப்பு மிகுந்திருந்தது. ஆயின் ஏழரை ஆண்டுக் கண்காணிப்பின்பின் 1979இல் வெளிவந்த முதல் அறிக்கை, நுரையீரல் காசநோயை அத்தடுப்பூசி தடுக்கவில்லை என்றது. நாடெங்கும் அதே ஊசி போடப்பட்டுவந்த காலம் அது! முடிவை மழுப்புவதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுவதில்லை. ஆய்வாளர் மழுப்பவில்லை, கிடைத்த எண்களை அவ்வாறே வெளியிட்டனர். கண்காணிப்பையும் கைவிடாது 15 ஆண்டுகள் தொடர்ந்தனர். 1999இல் அச்சேறிய அறிக்கையும், வயதுவந்தோர்க்குப் பயனில்லை என்பதையே உறுதிசெய்தது. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காசநோய் வகைகளைத் தடுப்பதாகப் பிற ஆய்வுகள் காட்டியமையால், பிறந்த குழந்தைக்கு அவ்வூசி இன்றும் போடப்படுகிறது.

மனிதரை உட்படுத்தும் ஆய்வுகளுக்கான அறநெறி அறிக்கையை அக்கழகம் வெளியிட்டது 1980இல். செங்கல்பட்டு மக்கள் ஊசி பெற்றதோ அதற்குப் பல ஆண்டுகள் முன்னர். இந்தியாவில் புதிய மருந்தாய்வுகள் தொடங்குமுன்பே பொதுப் பதிவேட்டில் பதியப்படவேண்டும் என்னும் விதி 2009இல் வந்தது. பதிந்த ஆய்வை, முடிவு கசந்ததென்று ஓசையின்றி மறைத்துவிடுதல் எளிதன்று.