பான்டெமிக்: ஒரு சொல்லின் கதை

கோவிந்தாபுரம் கேரளத்தின் எல்லை ஊர். பாலக்காடு மாவட்டத்தில் உள்ளது. சாவடியைத் தாண்டினால் தமிழ்நாடு. பொள்ளாச்சிக்குப் போகும் வழி இது.

2020 மார்ச் மாதம் நாடெங்கும் ஊரடங்கு வந்தது. எல்லைச் சாவடிகளைத் தாண்டி மக்கள் நினைத்தபடி போய்வர முடியவில்லை. கொரோனா நோய்தான் காரணம். அப்போது எங்கும் ஓர் ஆங்கிலச் சொல் அடிபட்டது. அதுதான் 'பான்டெமிக்'. தமிழில் இதைப் பெருந்தொற்று என்றார்கள். மலையாளத்தில் மகாமாரி என்றார்கள்.

சொல் பிறந்த கதை

இது கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். 'பான்' என்றால் எல்லாம். 'தேமோஸ்' என்றால் மக்கள். எல்லா மக்களிடமும் பரவியது என்று பொருள். மக்களாட்சியை ஆங்கிலத்தில் 'டெமாக்ரசி' என்கிறோம். அதிலும் இதே 'தேமோஸ்' இருக்கிறது.

மூன்று சொற்கள்

எபிடெமிக்: ஒரு பகுதியில் திடீரென்று பலருக்கு வரும் நோய். இதைக் கொள்ளை நோய் என்கிறோம். 1896-ல் பம்பாயில் பிளேக் பரவியது. அதனால் 1897-ல் கொள்ளை நோய்ச் சட்டம் வந்தது. அந்தப் பழைய சட்டம் 2020-லும் பயன்பட்டது.

பான்டெமிக்: பல நாடுகளுக்கும் பரவும் நோய். 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவை இப்படி அழைத்தது.

என்டெமிக்: ஒரு பகுதியை விட்டு நீங்காமல் தங்கிவிட்ட நோய். 'என்' என்றால் உள்ளே. மக்களுக்குள்ளேயே இருப்பது என்று பொருள். டெங்குக் காய்ச்சல் இப்படிப்பட்டது.

கவனிக்க வேண்டியது

இந்தச் சொற்கள் நோய் எங்கே, எப்படிப் பரவியுள்ளது என்பதைத்தான் சொல்கின்றன. அது எவ்வளவு கொடியது என்பதைச் சொல்லவில்லை. 'என்டெமிக் ஆகிவிட்டது' என்றால் சிலர் 'இனிப் பயமில்லை' என்று நினைக்கிறார்கள். அது தவறு. டெங்கு பழகிய நோய்தான். ஆனாலும் உயிரைப் பறிக்கும்.

டெங்குக் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். பகலில் கடிக்கும். தோப்பில் கிடக்கும் தேங்காய்த் தொட்டியில் மழைநீர் நின்றாலே அதற்குப் போதும். தொட்டிகளைக் கவிழ்த்துப் போடுங்கள். குடிநீர்க் குடம், டிரம் எல்லாவற்றையும் மூடி வையுங்கள். வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவுங்கள். காய்ச்சல் வந்தால் உடனே சுகாதார நிலையத்துக்குப் போங்கள்.

பெயர் பெரிதோ சிறிதோ, நோயிடம் அசட்டை கூடாது.

பயிற்சி

1. 'தேமோஸ்' என்பதன் பொருள் என்ன?
2. எபிடெமிக், பான்டெமிக் இரண்டுக்கும் என்ன வேறுபாடு?
3. உங்கள் வீட்டைச் சுற்றி எங்கெல்லாம் தண்ணீர் தேங்குகிறது? பார்த்து எழுதுங்கள்.