கெரிசின் வயது என்ன?

எங்கள் வீட்டில் ஒரு கெரிஸ் இருக்கிறது. தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் தாத்தாவுக்கு அவருடைய மலாய் நண்பர் கொடுத்தது. “முந்நூறு வருசத்துச் சாமான்” என்பார் தாத்தா. உண்மைதானா?

கெரிசில் செய்தவர் பெயரோ ஆண்டோ பெரும்பாலும் இராது. ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டிருந்த ‘க்னாவ்ட்’ கெரிஸ் அரிய விதிவிலக்கு. அதில் சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 பொறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் அலகு அதற்கும் முந்தியது, அலங்காரம்தான் பின்னர் சேர்ந்தது என்ற கருத்தும் உண்டு.

ஆகவே, பகுதிகளைத் தனித்தனியே ஆராய வேண்டும். பிடியும் உறையும் உடைந்தால் மாற்றப்படுபவை. அவற்றின் வடிவம் ஊரைக் காட்டலாம். அலகின் வயதைக் காட்டாது. அலகில், வெவ்வேறு இரும்புகளை அடுக்கி அடித்ததால் தோன்றும் ‘பாமோர்’ வரிகளையும், தலைமுறைகளாக எலுமிச்சைச் சாற்றால் துலக்கித் தேய்ந்த விளிம்பையும் நோக்க வேண்டும். துரு மட்டும் சான்றாகாது. அமிலம் பட்டால் புதிய இரும்பும் பழையதாகத் தோன்றும்.

இதையெல்லாம் அறியுமுன்பே நான் பிழை செய்துவிட்டேன். பதினாறு வயதில், தாத்தா மகிழட்டும் என்று அலகை உப்புத்தாளால் தேய்த்தேன். வரிகள் மங்கின. தாத்தா திட்டவில்லை; பேசாமல் துணியில் சுற்றி வைத்தார். காலம் தேய்த்தது எது, நான் தேய்த்தது எது என்று இனிப் பிரித்தறிய முடியாது. அந்த நண்பர் யார் என்று கேட்கவும் தாத்தா இன்று இல்லை.

நண்பர்களே, பழம்பொருளைத் துலக்குமுன் அதன் கதையைக் கேட்டு எழுதி வையுங்கள்.