ஊசி போடு, இல்லையேல் மாஸ்க் போடு!

கேள்வி: என் மகள் வேலூரில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்ஸ். ஃப்ளூ ஊசி போட்டே ஆகவேண்டும், மறுத்தால் சீசன் முழுக்க மாஸ்க் என்கிறார்கள். கட்டாயப்படுத்தலாமா?
– ஒரு வாசகி, கலவை

பதில்: யாருக்கும் வலுக்கட்டாயமாக ஊசி போட முடியாது. கொரோனா தடுப்பூசி தொடர்பான ஜேக்கப் புலியேல் வழக்கில், 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. பொதுநலனுக்காக அரசு நியாயமான கட்டுப்பாடுகள் விதிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஃப்ளூ ஊசியைப் பொறுத்தவரை, மருத்துவப் பணியாளர்களுக்கு மத்திய சுகாதாரத் துறை செய்வது பரிந்துரைதான்.

கனடாவின் ஒன்டாரியோவிலும் இதே 'ஊசி அல்லது மாஸ்க்' விதி வந்தது. நர்ஸ்கள் சங்கம் எதிர்த்தது. நோயாளிக்கு அதனால் பலன் என்பதற்குப் போதிய ஆதாரமில்லை என்று 2015-லும் 2018-லும் நடுவர்கள் அதைத் தள்ளிவிட்டார்கள்.

அதற்காக ஊசியே வீண் என்றில்லை. வேலூர் சி.எம்.சி. 2021-இல் தன் ஊழியர்களிடம் நடத்திய ஆய்வில், இரண்டு டோஸ் கொரோனா ஊசி, ஆஸ்பத்திரியில் சேரும் நிலையை 77 சதவீதம் தடுத்தது தெரிந்தது. ஃப்ளூ ஊசியின் பலன் அதைவிடக் குறைவு. கிருமி மாறுவதால் ஆண்டுதோறும் போடவேண்டும். பலன் தர இரண்டு வாரம் ஆகும். எனவே ஐப்பசி அடைமழைக்கு முன்பே போட்டுக்கொள்ளட்டும்.

இருமல் நோயாளிகள் உள்ள வார்டில் மாஸ்க் எல்லோருக்கும் பொது விதியாக இருக்கட்டும். ஊசி போடாதவருக்கு மட்டும் என்றால் அது தண்டனை. ஊசியை நிர்வாகமே இலவசமாகப் போடுகிறதா என்றும் மகளைக் கேட்கச் சொல்லுங்கள்.