குழந்தைக்குக் காது கேட்கிறதா?

குழந்தை பிறந்த வீட்டிற்குப் போனால், "எடை எவ்வளவு? யார் சாயல்?" என்றுதான் நாம் கேட்கிறோம். "காதுச் சோதனை ஆயிற்றா?" என்று கேட்பவர் அரிது. நான் கேட்பேன். அதற்குக் காரணம் உண்டு.

என் மூத்த மகன் 1978ஆம் ஆண்டு பிறந்தான். இரண்டாம் மாதம் முகம் பார்த்துச் சிரித்தான். "ஆ", "ஊ" என்று குரல் கொடுத்தான். ஐந்தாம் மாதம் குப்புற விழுந்தான். ஒரு குறையும் தெரியவில்லை. எட்டு மாதத்திற்குப் பின் அவன் குரல் குறைந்தது. என் மாமியார் அவன் பின்னால் நின்று எவர்சில்வர் தட்டைத் தட்டிப் பார்த்தார், திரும்பினான். மருத்துவர் ஒருவரிடம் காட்டினேன். "ஆண்பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்" என்று அனுப்பிவிட்டார். கோயிலில் தீபாராதனையின்போது மேளமும் மணியும் ஒருசேர முழங்க, மற்றக் குழந்தைகள் வீரிட்டு அழுதன. என் பிள்ளையோ என் தோளில் அயர்ந்து உறங்கினான். "எவ்வளவு சாதுவான பிள்ளை!" என்றார்கள். நானும் பெருமைப்பட்டேன். அவனுக்கு இரு காதும் கேளாது என்பது தெரிந்தபோது அவனுக்கு வயது இரண்டரை.

தாய்மார்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். காது கேளாத குழந்தையும் முதல் சில மாதங்கள் மற்றக் குழந்தைகளைப் போலவே குரல் எழுப்பும். அதன்பின் "பாபா", "மாமா" என்று அசைகளை அடுக்கும் பருவத்தில்தான் வேறுபாடு தெரியும். தட்டைத் தட்டும்போது திரும்புவதும் ஒலிக்காக இல்லாமல் இருக்கலாம். நிழல் அசைந்தாலும் தரை அதிர்ந்தாலும் குழந்தை திரும்பும். ஆகவே வீட்டுச் சோதனையை நம்பலாகாது.

இன்று சிங்கப்பூரில் பிறக்கும் குழந்தைகளுக்கு மருத்துவமனையிலேயே செவிச் சோதனை செய்கிறார்கள். காதில் மெல்லிய அடைப்பான் ஒன்றை வைத்துச் சிறு ஒலியை அனுப்புவார்கள். நலமான உட்செவி அதற்கு எதிரொலி தரும். கருவி அதைப் பதிவு செய்யும். வலி இல்லை, குழந்தை உறங்கும்போதே முடிந்துவிடும். பிறந்த சமயத்தில் காதில் நீர் தேங்கியிருந்தால் முதல் சோதனை சரிவராமல் போகலாம். அதனால்தான் மறுசோதனைக்கு நாள் குறிக்கிறார்கள். ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் உறுதிப்பாடு, ஆறு மாதத்திற்குள் உதவி என்பது மருத்துவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கேட்கும் ஒலிகளைக் கொண்டே மூளை மொழிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அந்த மாதங்கள் வீணானால் ஈடுகட்டுவது கடினம்.

2018ஆம் ஆண்டு என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. முதல் சோதனை சரிவரவில்லை. மறுசோதனை நாள் பத்தியக் காலத்திற்குள் வந்தது. "முப்பது நாள் முடியாமல் பச்சைப்பிள்ளையை வெளியே எடுக்கலாமா? காதில் தண்ணீர்தான் இருக்கும்; இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகும்" என்றார் சம்பந்தி அம்மாள். நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆயினும் நான் இணங்கவில்லை. (குழந்தையின் காதிலும் மூக்கிலும் எண்ணெய் விடவே கூடாது.) துணியில் சுற்றி, டாக்சியில் நானே கொண்டுபோனேன். இரு காதிலும் கேட்புக் குறை என்று பின்னர் உறுதியாயிற்று. நான்காம் மாதத்தில் காதொலிக் கருவி பொருத்தப்பட்டது. சம்பந்தி அம்மாள்தான் அதை நாள்தோறும் துடைத்து வைப்பார்.

காது நன்றாகக் கேட்கும் குழந்தைக்கும் பேச்சே உணவு. பிறந்த குழந்தைக்கு ஒரு சாண் தூரத்திலுள்ள முகமே ஓரளவு தெளிவாகத் தெரியும். அந்தத் தூரத்தில் முகத்தை வைத்து, குளிப்பாட்டும்போதும் உடை மாற்றும்போதும் பேசுங்கள். அது "ஊ" என்றால் நீங்களும் "ஊ" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குச் சற்றுக் காத்திருங்கள். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் ஐந்தாம் மாதத்தைச் செங்கீரை என்றார்கள். குழந்தை கையூன்றித் தலைநிமிரும் பருவம் அது. அதற்கு முன்பிருந்தே, விழித்திருக்கும்போது நம் கண்முன் பாயில் சிறிது சிறிதாகக் குப்புறப் படுக்கவிட்டால் கழுத்து உறுதிப்படும். உறங்கவைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான். கைத்தொலைபேசியில் தாலாட்டை ஓடவிட்டு ஏணையருகே வைத்துவிடுகிறார்கள். அது குழந்தைக்குப் பதில் சொல்லாதே!

பிறந்தபோது சோதனையில் தேறிய குழந்தைக்கும், கடுமையான மஞ்சள்காமாலை, மூளைக்காய்ச்சல் போன்றவற்றால் பின்னர் காது பாதிக்கப்படலாம். ஆறு மாதத்தில் குரல் வந்த பக்கம் திரும்பாவிட்டாலும், பத்து மாதத்தில் அசைகளை அடுக்கிப் பேசாவிட்டாலும் மருத்துவரிடம் செல்லுங்கள். "பொறுத்துப் பார்க்கலாம்" என்று அவர் சொன்னாலும் சோதனையைக் கேட்டுப் பெறுங்கள்.

நான் சைகை மொழி கற்கத் தொடங்கியபோது என் மகனுக்கு வயது ஏழு. அதுவரை அவனுக்கு நான் ஒரு கதைகூடச் சொன்னதில்லை. இப்போது பேத்தி என்னிடம் தமிழில் பேசுகிறாள். மாமாவிடம் கைகளால் பேசுகிறாள். கருவியின் பேட்டரி தீர்ந்தால் அவளே வந்து சொல்லிவிடுகிறாள்.